சூடம் அடித்தவன் பொய் சொல்லவில்லை

நிரஞ்சன் போனில் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மூட்டையின் பாரம் தெரியாமல் போயிற்று. தோளில் அரிசி மூட்டை இருக்கும், கால் படியேறும், மனம் மட்டும் எங்கேயோ பனி கொட்டுகிற ஒரு குழிக்குள் கிடக்கும்.

"அப்பா, இங்கேருந்து கையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடலாம்னு நானும் இன்னொருத்தனும் பேசிக்கிட்டிருக்கோம். போகவா, வேணாமா? யோசிச்சு வைங்க. மறுபடி போன் கெடைக்கிறப்ப பேசுறேன்."

அவ்வளவுதான். கட்டாகிவிட்டது.

நிரஞ்சன் என் மூத்த மகன். ரஷ்யாவில் பட்டாளத்து முகாமில் சமையல் வேலை என்று சொல்லி, கம்பளையில் இருக்கும் ஒரு ஏஜென்ட் எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று பொடியன்களை அனுப்பிவைத்தான். என் மகன் ஒருவன், அங்கம்மாவின் மகன் ஒருவன், முத்துலிங்கத்தின் தம்பி ஒருவன். போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே கரண்டிக்குப் பதிலாகத் துவக்கைக் கையில் கொடுத்துச் சண்டை முனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

புறப்படுகிற அன்று, "சமையல் வேலைதாம்மா, சண்டைக்கும் எனக்கும் என்னா" என்று சொல்லும்போது அவன் இடது காதுமடலை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பொய் சொன்னால் கை தானாகக் காதுக்குப் போய்விடும். "பொய் சொல்றான் பாருங்க" என்று என் மனைவி அழகம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். போகிற பிள்ளையின் முன்னால் இதென்ன பேச்சு என்று நான் அவளை அடக்கினேன்.

நான் கண்டி டவுனில் நாட்டாமை. எங்கள் பக்கம் மூட்டை தூக்குகிறவனைத்தான் நாட்டாமை என்பார்கள். றவூப் ஹாஜியாரின் அரிசிக் கடையில் லொறியிலிருந்து இறக்கி, ஒடுக்கமான படி ஏறி மேல் ஸ்டோருக்குக் கொண்டுபோய் அடுக்க வேண்டும். வேலை நேரத்தில் போனைக் கடைச் சுவரில் ஆணியில் பையோடு மாட்டிவிடுவேன். நிரஞ்சன் கேள்வி கேட்ட பிறகு, சத்தம் வந்தால் உடனே எடுத்து என் காதில் வைக்கச் சொல்லி நளீரிடம் சொல்லிவைத்திருந்தேன். நளீரும் என்னோடு மூட்டை தூக்குகிறவன்தான். என் வயதுதான் அவனுக்கும்.

அன்றைக்கு நான் பாதிப் படியில் இருந்தபோது அவன் கீழேயிருந்து கத்தினான்.

"கிருஷ்ணா, ஒன்ட போன் கத்துது. காதுல வெக்கட்டா?"

"மகனா?"

"மகனில்ல. வாய்ஸ் மெசேஜ். முத்துலிங்கம்னு விழுகுது."

அவனே தட்டிவிட்டான். முதலில் ஓர் ஆணின் குரல். எங்கள் தோட்டத்துப் பேச்சு, அசல். "தாய்மாரே, தகப்பன்மாரே, நல்லா கேட்டுக்குங்க. கையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போன நம்ம நாட்டுப் புள்ளைங்கள உசுரோட கட்டிவெச்சு கிட்னிய எடுத்துட்டு பனிக்குள்ள போட்டுட்டாங்க. ஒங்க புள்ளைய போக வுடாதீங்க. இத எல்லாத்துக்கும் அனுப்புங்க." அதற்குப் பின்னால் ஒரு பொம்பளையின் ஓலம். "ஐயோ எஞ்சாமீ, ஒம் மொகத்த இனி எப்ப பாப்பேன்."

படியில் மூட்டையை இறக்கக் கூடாது. பின்னால் ஏறி வருகிறவன் முட்டி விழுவான். நான் இறக்கிவிட்டேன். பின்னால் வந்தவன் சிங்களத்தில் ஏசியது கேட்டது. என்ன ஏசினான் என்று தெரியவில்லை.

நளீர் படியேறி வந்து என்னருகில் உட்கார்ந்தான்.

"முத்துலிங்கத்துக்கு இத எவன் அனுப்பின?"

"தெரியல்ல."

"அப்ப விடு மச்சான். திகனப் பக்கம் கடை எரிஞ்ச வருஷம் ஞாபகம் ஈக்கா? எங்கட முஸ்லிம் கடையள்ல கொத்து ரொட்டில சிங்கள ஆக்களுக்குப் புள்ளை பொறக்காத மாத்திரை போடுறம்னு செல்லிக்கிட்டுத் திரிஞ்சானுவள். அப்பிடி ஒரு மாத்திரை மெய்யா ஈந்திருந்தா எனக்கு ஏன்டா ஆறு புள்ளை? மொதல்ல நானே முழுங்கியிருப்பேன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நளீர் சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டான்.

"அண்டைக்கு அத நம்பினவன் எல்லாம் கெட்டவன் இல்ல, கிருஷ்ணா. என்ட பக்கத்து ஊட்டுக்காரன் நல்ல மனிசன். என்ட கையால எத்தின தரம் தேத்தண்ணி குடிச்சவன். அவனே என்ட மொகத்தப் பாத்து 'மெய்யா நளீர்?'னு கேட்டான். அதத்தான் என்னால இன்னம் மறக்க ஏலாம ஈக்கி."

அன்று வேலை முடியும்வரை இருக்க முடியவில்லை. ஹாஜியாரிடம் சொல்லிவிட்டு எங்கள் தோட்டத்துக்குப் போகும் தெல்தோட்டை பஸ்ஸைப் பிடித்தேன். ஹிந்தகல தாண்டுவதற்குள் முன் சீட்டில் இரண்டு பெண்கள் அதே கதையைப் பேசத் தொடங்கினார்கள். கலஹாவில் ஏறிய ஒருவன் கிட்னியோடு கண்ணையும் சேர்த்துச் சொன்னான். பஸ் வளைவுகளில் ஏற ஏற கதையும் ஏறிக்கொண்டே வந்தது. இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினாலும் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

தோட்டத்தில் எல்லோரும் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் கூடியிருந்தார்கள். அழகம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள். நடுவில் முத்துலிங்கம். தேயிலைப் பெக்டரியில் வேலை செய்கிறவன், நாலு எழுத்துத் தெரிந்தவன், ஏஜென்டுக்கும் எங்களுக்கும் நடுவில் போன் பேசுகிறவன்.

"நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டேன்.

"நான் எப்புடிண்ணே பாக்க முடியும்? ஏஜென்ட் சேர் பாத்திருக்காரு. போட்டோ வெச்சிருக்காராம். பொம்பளைங்களுக்குக் காட்டக் கூடாத அளவு கோரமாம்."

"சூடம் அடிப்பியா?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

எங்கள் தோட்டத்தில் எந்த வழக்கும் பொலிஸுக்குப் போவதற்கு முன் மாரியம்மனிடம்தான் வரும். கோழி களவு போனாலும், ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றி இல்லாததைச் சொல்லிவிட்டாலும், கல்லில் சூடத்தைக் கொளுத்திவிடுவோம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தவனை அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. பொய்யன் கை நெருப்புக்குப் போகாது. இது எங்களுக்குத் தெரிந்த சங்கதி. என் கண்ணெதிரில் இரண்டு பேர் கையை நீட்டிவிட்டு, முடியாமல் இழுத்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

முத்துலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டான். சூடம் பெரிய கட்டி. சுவாலை நன்றாக எழும்பும்வரை அவனே காத்திருந்தான்.

"ஆத்தா மேல சத்தியம். நான் சொன்னதுல ஒரு சொல்லு பொய்யில்ல. எந்தம்பியும் அங்கதான் இருக்கான்."

ஒரே அடி. கரும்புகை எழுந்து அவன் முகத்தில் அடித்தது. பெண்கள் அந்த இடத்திலேயே ஒப்பாரி வைத்தார்கள். நானும் நம்பினேன்.

வெந்த கையை ஊதிக்கொண்டே அவன் போனை நீட்டினான். "ஏஜென்ட் சேர் சொல்றாரு, தாய்மார் சொந்தக் கொரல்ல சொன்னாத்தான் புள்ளைங்க கேப்பாங்களாம். பேசிக் குடுங்க, அவரு அனுப்பிடுவாரு."

அழகம்மா முதல் ஆளாகப் போனாள். "நிரஞ்சா, அம்மா பேசுறேன்யா. அந்தப் பக்கம் போகாத சாமி. எங்க கும்புட்ட கையத் தட்டிராத." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

அப்புறம் வந்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றும், நடந்தால் திரும்பத் தோன்றும். மழையே இல்லாத நாளில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னாலிருக்கும் மழைநீர்க் கானைத் துப்புரவாக்கினேன். மகன் கூப்பிட்டால் "போகாதே" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே, அதற்கு ஏன் இப்படி அரிக்கிறது என்று எனக்கே புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழேயிருக்கும் பணிய லயத்துக்கு அங்கம்மாவைப் பார்க்கப் போனேன். காய்ச்சலாகக் கிடந்ததால் அவள் கோயிலுக்கு வரவில்லை. அவள் மகனிடமிருந்தாவது போன் வந்ததா என்று கேட்கத்தான் போனேன். இல்லை என்றாள்.

"என்னமோ போன்ல வந்திருக்காம்ல, எல்லாம் பேசிக்கிறாங்க. எங்கிட்ட பட்டன் போன்தானே, இதெல்லாம் வராது. போடுய்யா, கேப்போம்."

காய்ச்சல்காரிக்கு வேண்டாம் என்றேன். விடவில்லை. போட்டேன். ஆண் குரல் முடியும்வரை வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். ஓலம் தொடங்கியதும் கையை எடுத்தாள்.

"ஏய்யா. இது எங் கொரலு."

"என்னாக்கா சொல்றீங்க?"

"எங் கொரலுய்யா! எஞ்சாமீன்னு நான் அழுதது. கம்பளைக்கு வரச்சொல்லி அந்த ஏஜென்ட்தான் போன்ல புடிச்சாரு. மகன்கிட்டேருந்து போனே இல்லன்னு சொல்லுங்க, எம்பஸிக்கு அனுப்பித் தேடச் சொல்லுவோம்னாரு. அழுன்னு யாரும் சொல்லவே வேணாம், வாயத் தொறந்தாலே அழுகதான் வந்துச்சு. அத எதுக்கு இதுல கொண்டாந்து ஒட்டியிருக்கான்?"

"அப்ப கிட்னி?"

"எந்தக் கிட்னி? எம்மகனப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னுதானய்யா அழுதேன்!"

அங்கிருந்து நேரே முத்துலிங்கத்திடம் போனேன். பைப்படியில் குளித்துக்கொண்டிருந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. சொன்னேன். அவன் முகம் கறுத்துவிட்டது.

"நான் சூடம் அடிச்சேண்ணே!"

"நீ பொய் சொன்னன்னு நான் சொல்லல. ஒனக்குச் சொன்னத நீ சொன்ன."

"பொய் சொல்லி ஏஜென்டுக்கு என்னா ஆகப்போகுது?"

"அனுப்பிவெச்ச பொடியன் ஓடிட்டா கேள்வி ஏஜென்டுக்குத்தான? மடுல்கெல்லப் பக்கம் நல்ல தோட்டம்னு நம்ம ஆளுங்க பத்துக் குடும்பம் பொட்டி கட்டுனப்ப, அங்க தண்ணியில சீக்கு, பச்சப்புள்ள தங்காதுன்னு பரப்புனது யாரு? ஆளு கொறஞ்சிரும்னு பெரிய கங்காணிதான? பாதிப் பேரு பொட்டிய அவுத்துட்டாங்க. அவரு அத நேரா சொன்னாரா? கோயில்ல, சலூன்ல, பைப்படியில, ஆளுக்கு ஆளு சொல்ல வெச்சாரு."

முத்துலிங்கம் வாளியைத் தலையில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"சரிண்ணே. இது பொய்யின்னே வெச்சுக்குவோம். அந்தப் பக்கம் போனா உசுருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? அந்தப் பக்கத்தானும் ஸ்பீக்கர் கட்டிக் கத்துறானாம், வாங்க, சோறு தாறோம்னு. அது மட்டும் நெசமா? எந்தம்பி உசுரு, நான் எத நம்புறது?"

வீட்டுக்கு வந்து அழகம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கம்மாவின் குரல் என்றதும் அவள் கொஞ்சம் கலங்கினாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"நிரஞ்சனப்பா, அந்தப் பக்கம் போனா எம்மகன ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு நீங்க சூடம் அடிப்பீங்களா?"

என் கை மடியிலேயே கிடந்தது.

போன் வந்தது ஒரு மத்தியானம். லொறி நிறைய சம்பா வந்திருந்தது. நான் மூட்டையோடு முதல் படியில் கால் வைத்திருந்தேன். நளீர் ஓடிவந்து போனை என் காதில் அழுத்திப் பிடித்தான்.

"அப்பா, அம்மா வேணாம்னு வாய்ஸ் அனுப்பியிருக்கு. இங்க எங்க பட்டாளத்துப் பெரியவனும் ஒரு ஆள வெச்சு தமிழ்ல அதேதான் சொல்றான், கிட்னிய எடுப்பாங்கன்னு. அங்கயும் அதே பேச்சு, இங்கயும் அதே பேச்சுன்னா நெசமாத்தானே இருக்கும்?"

"ஒரே ஆளு ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சா அது ரெண்டு சாட்சி ஆகாதுப்பா. இங்க சுத்துற வாய்ஸ்ல அழுவுறது அங்கம்மா. மகனக் காணோம்னு அழுதத வெட்டி ஒட்டியிருக்கானுங்க."

போனில் ஏதோ விழுந்து வெடிக்கிற சத்தம். அவன் மூச்சு வாங்கினான்.

"அப்ப அம்மா சொன்னது?"

"அம்மா அழுதது நெசம்."

"போகவாப்பா?"

பின்னால் நின்ற சிங்கள நாட்டாமை வழி கேட்டுக் கத்தினான். நளீர் அவனைப் பார்த்துக் கையைக் காட்டினான். மூட்டை என் பிடரியை அழுத்தியது. வெகு நாட்களுக்குப் பிறகு அப்போதுதான் அதன் பாரம் எனக்குத் தெரிந்தது.

"அங்க போனா என்னா செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது சாமி. பொய் சொல்ல மாட்டேன். இங்கயே கெடந்தா என்னா ஆகும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப போ."

கட்டாகிவிட்டது. அவன் கேட்டானா, கேட்பதற்கு முன்னாலேயே கட்டாகிவிட்டதா, அதுவும் தெரியாது.

"எறக்கு கிருஷ்ணா" என்றான் நளீர். "படியில எறக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

அன்று மாலை அழகம்மாவிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியில் போய் நின்றுகொண்டாள். அதன்பிறகு அவள் என்னோடு பேசவேயில்லை. தோட்டத்தில் மற்றவர்கள் நிறையப் பேசினார்கள். பெத்த பிள்ளையைக் கசாப்புக்கு அனுப்பினவன் என்று நான் போகும்போது காதில் விழும்படி சொன்னார்கள். கொஞ்ச நாளில் அடுத்த வாய்ஸ் வந்தது. அதே ஆண் குரல். தெல்தோட்டைப் பக்கத்துப் பொடியன் ஒருத்தன் பேச்சைக் கேட்காமல் கையைத் தூக்கிக்கொண்டு போனானாம், அவனுக்கும் அதே கதியாம். பெயர் சொல்லவில்லை. சொல்லாததுதான் கொன்றது. கண்டியில் போன் சத்தம் கேட்டாலே மூட்டையோடு நின்றுவிடுவேன். யாருடைய போனாக இருந்தாலும்.

ஒரு நாள் நளீர் கடை வாசலில் நின்று கூப்பிட்டான்.

"கிருஷ்ணா, இங்க வா. மூட்டைய எறக்கி வெச்சிட்டு வா."

அவன் அப்படிச் சொன்னதில் எனக்கு உயிர் போய் வந்தது. ஒரு வீடியோ. மற்றப் பக்கத்துக்காரர்கள் போட்டது. வெள்ளைச் சுவர், ஒரு மேசை, சரணடைந்தவர்கள் மொட்டைத் தலையோடு ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்து தங்கள் பாஷையில் பேசுகிறார்கள். மூன்றாவதாக ஒரு மெலிந்த ஆள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய். தமிழில் பேசினான். "நான் இலங்கை. என்னைய நல்லா கவனிக்கிறாங்க. மூணு நேரமும் நல்ல சாப்பாடு. மத்தவங்களும் துவக்கப் போட்டுட்டு வாங்க." யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி இருந்தது. குரல் கட்டியிருந்தது.

"ஒன்ட மகன்தானே?" என்றான் நளீர்.

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. முழுதாக வரவில்லை.

தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். மறுபடியும் கோயில் முன்னால் கூட்டம். முத்துலிங்கம் இரண்டு தரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"நம்பாதீங்கண்ணே. இப்பல்லாம் கம்பியூட்டர்ல மூஞ்சிய செஞ்சு பேச வெக்கிறாங்க. இப்புடி ஒண்ணு வரும்னு ஏஜென்ட் சேர் முன்னாடியே சொன்னாரு."

யாரோ கல்லில் சூடத்தை வைத்துக் கொளுத்திவிட்டார்கள். "நீ அடி, ராமகிருஷ்ணா. இது ஒன் மகன்தான்னு அடி."

கையை நீட்டினேன். சூடு விரலில் பட்டது. அந்தக் கன்னம் அவனுடையதில்லை. அந்தக் குரல் அவனுடையதில்லை. அவன்தான் என்று நான் ஆசைப்படுகிறேனா, நிச்சயமாகத் தெரியுமா? கை அந்தரத்தில் நின்றது. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.

அழகம்மா முத்துலிங்கத்தின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "இன்னொருக்கா போடுங்க." அத்தனை நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் சொல் அது. முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மூணு நேரமும் நல்ல சாப்பாடு என்று அவன் சொல்கிற இடத்தில், மேசைக்குக் கீழேயிருந்து அவன் கை மெதுவாக எழும்பி இடது காதுமடலைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனது.

"இந்தா! பொய் சொல்றான்!" அழகம்மா கத்தினாள். "பாருங்க, காதப் புடிக்கிறான். பொய் சொல்றான். எம்மகன்தான்!"

குனிந்து, கொழுந்துக் கறை ஏறிய கையால் சூடத்தை அவளே அடித்து அணைத்தாள். பிறகு அதே கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். "என்னத்தப் போடுறாங்களோ தெரியலியே. எலும்பா போயிட்டானே."

கூட்டம் கலைந்தது. முத்துலிங்கம் மட்டும் போகவில்லை. அவன் கைத் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. தன் போனை எடுத்து அழகம்மாவின் பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, இத எந்தம்பிக்கு அனுப்பவா? இவன் சொல்றது பொய்யின்னு நீங்களே சொல்றீங்களே."

"சோறுதான் பொய். ஆளு இருக்கான்ல? அனுப்பு."

"அத நம்பி அவன் எந்திரிச்சு நடந்து, வழியில எவனாவது சுட்டுட்டா?"

அழகம்மா என்னைப் பார்த்தாள். நான் முத்துலிங்கத்தின் பெருவிரலைப் பார்த்தேன். அது திரைக்கு மேலே போய், தொடாமல் நின்றுகொண்டிருந்தது.